ஊர் ஓய்ந்த நாளில் உருண்ட பந்து: மான்செஸ்டர் யுனைடெட்டின் விடுமுறை ஆட்டங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1920ஆம் ஆண்டு டிசம்பர் 27, திங்கட்கிழமை. மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் யுனைடெட்டும் ஆஸ்டன் வில்லாவும் ஆடிய லீக் ஆட்டத்தைப் பார்க்க 70,504 பேர் வந்தார்கள். யுனைடெட் 1-3 என்று தோற்றது. கோப்பை யாருக்கு என்று முடிவுகட்டும் ஆட்டமல்ல அது. அந்தப் பருவத்தை யுனைடெட் 13ஆம் இடத்தில்தான் முடித்தது. ஆயினும், அந்த மைதானத்தில் அக்கழகம் ஆடிய லீக் ஆட்டங்களுக்கு வந்த கூட்டங்களில் மிகப் பெரியது என்ற இடத்தை அந்த எண் எண்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலாளர் மேட் பஸ்பி மூன்று தலைமுறை அணிகளைக் கட்டியெழுப்பிய காலத்திலோ, ஐரோப்பியக் கோப்பையை வென்ற 1968இலோ, மும்முடி சூடிய 1999இலோகூட அது முறியடிக்கப்படவில்லை. மைதானத்தையே விரித்துக் கட்டிய பிறகு, 2006இல்தான் அது முறிந்தது.

ஒரு சாதாரண அணியின் சாதாரணத் தோல்விக்கு இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை அந்த ஆண்டின் நாட்காட்டியில் இருக்கிறது. 1920இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் விழுந்தது. மறுநாள் ஞாயிறு, அன்று லீக் ஆட்டம் நடத்தும் வழக்கமே இல்லை. ஆகவே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிடைக்கவேண்டிய விடுமுறை திங்களுக்குத் தள்ளிப்போய், ஆலை, பணிமனை, துறைமுகம் எல்லாம் அடைத்துக்கிடந்த அன்றைய பிற்பகலில், ஒரு பெருந்தொழில் நகரத்தின் ஆண்கள் வேறு வேலையின்றி, கையில் கொஞ்சம் காசோடு, ஒரே சமயத்தில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, இரண்டு நாள் முன்பு, கிறிஸ்துமஸ் அன்றே, பர்மிங்காமில் அதே வில்லாவை யுனைடெட் 4-3 என்று வென்றிருந்தது. அந்தக் கணக்கின் மறுபாதியைப் பார்க்கும் ஆவல் வேறு.

இந்த ஆய்வு ஒரே கழகத்தின் விடுமுறை ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அவை ஏன் அந்தந்த நாளில் நடந்தன, அந்த நாள் அந்தக் கழகத்துக்கு என்ன செய்தது என்று பார்க்கிறது. பண்டிகைக்கால ஆட்டம் என்றதும் பனி, கம்பளித் தொப்பி, குடும்பத்தோடு மைதானம் என்று வாழ்த்து அட்டைப் படம் ஒன்று மனத்தில் விரிகிறது. அந்தப் படம் பொய்யல்ல, ஆனால் அது காரணத்தைச் சொல்வதில்லை. விடுமுறை ஆட்டம் பண்டிகையின் அலங்காரமாக உண்டானதன்று. யாருக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறது, அவர்கள் எதில் ஏறி மைதானத்துக்கு வருகிறார்கள், அவர்களின் காசு எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையாகவே அது உருவானது. விடைகள் மாறியபோது ஆட்டமும் நாள் மாறியது.

ரயில்வே பணிமனையிலிருந்து

மான்செஸ்டர் யுனைடெட் பிறந்தது 1878இல், நியூட்டன் ஹீத் என்ற பெயரில். லங்காஷயர் மற்றும் யார்க்‌ஷயர் ரயில்வேயின் பெட்டி கட்டும் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி அது. இந்தப் பிறப்பிடம் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. அக்காலத் தொழிலாளிக்கு ஆட்டம் ஆடவோ பார்க்கவோ கிடைத்தது சனிக்கிழமை அரைநாள் மட்டுமே, ஞாயிறு தேவாலயத்துக்குரியது. முழுநாள் ஓய்வு ஆண்டில் சில நாட்கள்தாம். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் மரபு வழி வந்த விடுமுறைகள். 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் ஈஸ்டர் திங்களையும், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்சிங் டேயையும் அவற்றோடு சேர்த்தது. மெல்போர்னில் நடக்கும் டெஸ்ட் ஆட்டத்தால் நமக்கு அந்தப் பெயர் பழக்கம். குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்காரருக்கும் தபால்காரருக்கும் பெட்டியில் வைத்து இனாம் கொடுக்கும் நாள் அது, நம் தீபாவளி இனாம் போல.

கழகம் 1892இல் லீகில் சேர்ந்தது. 1902இல் கடனில் மூழ்கி மீண்டபோது மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. புதுப் பெயரில் வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று, கிளேட்டன் பகுதியிலிருந்த பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்தில் எதிரே நின்றது மான்செஸ்டர் சிட்டி. இரு அணிகளும் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தன. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கூட்டம் 40,000 என்று கணக்கிடப்பட்டது. இன்று இரு மான்செஸ்டர் அணிகளையும் கிறிஸ்துமஸ் அன்று மோதவிடலாம் என்று யாராவது சொன்னால் காவல்துறை முதலில் சிரிக்கும், பிறகு மறுக்கும். அன்று அதுதான் மிக இயல்பான ஏற்பாடு. ஒரே ஊர் என்பதால் யாரும் வெகுதூரம் பயணம் செய்யவேண்டியதில்லை.

ஒரே எதிரி, இரண்டு நாள்

பின்னர் நிலைத்த வழக்கம் இன்னும் விசித்திரமானது. கிறிஸ்துமஸ் அன்று ஓர் அணியோடு ஆடி, பாக்சிங் டே அன்று அதே அணியோடு இடம் மாற்றி ஆடுவார்கள். ஒரு நாள் நம் ஊர், மறுநாள் அவர்கள் ஊர். விடுமுறைக் கூட்டத்தின் வசூல் இரு கழகங்களுக்கும் ஒவ்வொரு நாள் கிடைத்துவிடுவதால் இதில் யாருக்கும் குறையில்லை. ஈஸ்டரிலும் இதே முறைதான்: வெள்ளியன்று ஓர் அணி, திங்களன்று அதே அணி, நடுவில் சனியன்று வேறோர் அணி.

ஆனால் ஆட்டக்காரரின் உடம்புக்கு இந்த நியாயம் தெரியாது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி இங்கிலாந்து லீகில் 1965இல்தான் வந்தது. அதற்கு முன் களமிறங்கிய பதினோரு பேரே முடிவுவரை ஆடவேண்டும்; ஒருவர் நொண்டினால் பக்கவாட்டில் நின்று நொண்டவேண்டும். சேற்றில் ஊறிக் கனத்த தோல் பந்து, ரயில் பயணம், இருபத்துநான்கு மணி நேரத்தில் மீண்டும் அதே ஆட்கள். இதன் விளைவை யுனைடெட்டின் பழைய கணக்குகளில் காணலாம். 1933 கிறிஸ்துமஸ் அன்று ஓல்டு டிராஃபோர்டில் கிரிம்ஸ்பி டவுனிடம் 1-3 என்று தோற்ற அணி, மறுநாள் கிரிம்ஸ்பிக்கே போய் 3-7 என்று நொறுங்கியது. ஓர் அணியின் தரம் ஒரே இரவில் இப்படி மாறாது. களைப்பும், காயமும், தரையும் சேர்ந்து எழுதிய முடிவுகள் இவை; விடுமுறை ஆட்டங்களின் கோல் எண்ணிக்கையை வைத்து அணிகளை எடைபோடுவது, திருவிழாச் சந்தையின் விலையை வைத்து ஊர் விலைவாசியைச் சொல்வது போலாகும்.

1930இன் கிறிஸ்துமஸ் இதன் உச்சம். வியாழன் அன்று போல்டனில் 1-3 தோல்வி, வெள்ளியன்று ஓல்டு டிராஃபோர்டில் அதே போல்டனோடு 1-1, சனியன்று பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லாவிடம் 0-7. மூன்று நாளில் மூன்று ஆட்டம். அந்தப் பருவத்தின் முதல் பன்னிரண்டு லீக் ஆட்டங்களையும் தோற்றுத் தொடங்கிய அணி அது என்பதையும் சொல்லவேண்டும். 115 கோல்கள் வாங்கி, அவ்வாண்டு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

புனித வெள்ளியில் ஒரு மோசடி

விடுமுறை ஆட்டம் கூட்டத்தை மட்டும் சேர்ப்பதில்லை. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. உலகப் போர் தொடங்கி எட்டு மாதமாகிவிட்டது. லீக் அந்தப் பருவத்தோடு நிறுத்தப்படும் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நிறுத்தப்பட்டால் சம்பளம் இல்லை, மீண்டும் தொடங்கும்போது வயதும் போயிருக்கும். அன்று ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது லிவர்பூல். இரு அணிகளும் முந்தைய பாக்சிங் டே அன்று லிவர்பூலில் 1-1 என்று சமநிலையில் முடித்திருந்தன. லிவர்பூலுக்குப் பட்டியலில் இழக்கவோ பெறவோ ஒன்றுமில்லை. யுனைடெட்டோ கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்றது.

யுனைடெட் 2-0 என்று வென்றது. இரு கோல்களும் ஜார்ஜ் ஆண்டர்சன் அடித்தவை. பார்த்தவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. யுனைடெட்டின் பெனால்டி ஒன்று வெளியே போனது. லிவர்பூலின் ஃபிரெட் பேக்னம் அடித்த பந்து கிராஸ்பாரில் மோதித் திரும்பியபோது, அவருடைய அணியினரே அவர்மேல் கோபப்பட்டார்கள். சரியாக 2-0 என்ற முடிவுக்கு 7-க்கு-1 விகிதத்தில் பெருந்தொகைகள் பந்தயமாகக் கட்டப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. விசாரணையின் முடிவில், டிசம்பர் மாதம், ஏழு ஆட்டக்காரர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. யுனைடெட்டிலிருந்து சாண்டி டர்ன்புல், ஆர்தர் வால்லி, ஈனாக் வெஸ்ட். லிவர்பூலிலிருந்து ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்செல், தாமஸ் ஃபேர்ஃபவுல். இவர்களில் டர்ன்புல் 1917 மே மாதம் அர்ராஸ் போர்க்களத்தில் இறந்தார். மற்றவர்களின் தடை போருக்குப் பின் நீங்கியது. தாம் குற்றமற்றவர் என்று கடைசிவரை வாதாடி, அவதூறு வழக்கும் தொடுத்துத் தோற்ற வெஸ்டின் தடை மட்டும் 1945வரை நீடித்தது.

அந்த இரு புள்ளிகளின் விலை கணக்கில் தெரிகிறது. யுனைடெட் 30 புள்ளிகளோடு 18ஆம் இடம், செல்சி 29 புள்ளிகளோடு 19ஆம் இடம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஆட்டக்காரர்கள் தம் சட்டைப்பைக்காகச் செய்ததுதான், கழகத்துக்கு இதில் பங்கில்லை என்று விசாரணை சொன்னது. அதனால் புள்ளிகள் பறிக்கப்படவில்லை. போருக்குப் பின் முதல் டிவிஷனை இரண்டு அணிகள் அதிகமாக்கி விரித்தபோது செல்சி மேலேயே இருந்துகொண்டது. எந்தத் தவறும் செய்யாத டாட்டன்ஹாம்தான் கீழே போனது. இதில் நியாயம் எது என்று வடக்கு லண்டனில் இன்றும் கேட்டுப் பார்க்கலாம்.

வான்கோழியும் கிறிஸ்துமஸ் வசூலும்

விடுமுறை ஆட்டம் ஒரு கழகத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு இந்த வரலாற்றில் ஒரே ஒரு உதாரணம் மட்டும் எடுக்கச் சொன்னால், 1931 டிசம்பரைத்தான் எடுப்பேன். பொருளாதார மந்தம் மான்செஸ்டரின் பஞ்சாலைகளை முடக்கியிருந்தது. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய யுனைடெட், அந்தப் பருவத்தின் முதல் சொந்த மைதான ஆட்டத்தை வெறும் 3,507 பேர் முன்னிலையில் ஆடியது. 1920இல் எழுபதாயிரம் பேர் நின்ற அதே படிக்கட்டுகள்தாம். டிசம்பர் 18 அன்று, கழகத்தின் செயலாளர் வால்டர் கிரிக்மர் ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்தை எடுக்க வங்கிக்குப் போனார். இனிக் கடன் தருவதற்கில்லை என்று வங்கி கைவிரித்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது.

ஸ்டேசி லின்டாட் என்ற விளையாட்டுச் செய்தியாளரின் யோசனைப்படி கிரிக்மர் ஹேல் பார்ன்ஸ் பகுதியில் இருந்த ஜேம்ஸ் கிப்சனின் வீட்டுக் கதவைத் தட்டினார். சீருடை தைக்கும் தொழிலில் பொருள் சேர்த்தவர் கிப்சன்; கால்பந்தில் அதுவரை பேர் எடுத்தவரல்லர். உடனடிச் செலவுக்கு 2,000 பவுண்டு கொடுத்தார். சம்பளம் போய்ச் சேர்ந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழியும் போனது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஊர் மக்கள் மீண்டும் மைதானத்துக்கு வந்தால்தான் தாம் தொடர்ந்து நிற்பேன் என்றார்.

இந்த இடத்தில்தான் நாட்காட்டி கை கொடுத்தது. டிசம்பர் 19, சனிக்கிழமை, பிரிஸ்டல் சிட்டிக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆறே நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, வுல்வர்ஹாம்டன் வாண்டரர்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 33,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். யுனைடெட் 3-2 என்று வென்றது. புதிய மீட்பர் ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி இதற்கு ஒரு காரணம்தான்; ஆனால் அதே செய்தி ஒரு சாதாரண ஜனவரிச் சனிக்கிழமையில் வந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். மறுநாள் வுல்வர்ஹாம்டனில் யுனைடெட் 0-7 என்று சிதைந்தது. முந்தைய ஆண்டு வில்லாவிடம் வாங்கிய ஏழோடு இதுவும் கழகத்தின் மிகப் பெரிய தோல்விகளின் வரிசையில் சேர்ந்தது. அந்த ஏழு கோல்கள் மறக்கப்படலாம். கிறிஸ்துமஸ் அன்று வாசலில் விழுந்த காசு மறக்கத் தக்கதன்று. ஜனவரியில் கிப்சன் தலைவரானார். 1935இல் ரயில்வேயோடு பேசி, ஆட்டநாட்களில் ரயில் நின்று செல்ல மைதானத்தை ஒட்டியே ஒரு நிறுத்தம் பெற்றார். 1938இல் அவரும் கிரிக்மரும் சேர்ந்து இளைஞர்களுக்கான அணி ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே ஆட்டக்காரர்களை வளர்க்கும் யுனைடெட்டின் வழக்கம் அங்கே வேர்விட்டது.

1957: ஓர் ஈஸ்டர் நெருக்கடி, கடைசி கிறிஸ்துமஸ்

அந்த வேரில் பழுத்த தலைமுறை பஸ்பியின் இளைஞர்கள். 1957 ஈஸ்டர் வாரத்தில் அவர்களுக்கு வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாளும் லீக் ஆட்டம். வியாழனன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். லீக் அட்டவணை தொழிலாளரின் விடுமுறையைப் பார்த்துப் போடப்பட்டது. ஐரோப்பிய அட்டவணையோ அந்த விடுமுறையை அறியாது. இரண்டும் முதன்முறையாக இடித்துக்கொண்ட இடம் இது. வெள்ளியன்று பர்ன்லியில் லியம் வேலன் மூன்று கோல் அடிக்க 3-1 வெற்றி. சனியன்று சண்டர்லாண்டை 4-0 என்று வென்று லீக் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். பட்டம் கையில் வந்துவிட்டதால், ஈஸ்டர் திங்களன்று பர்ன்லிக்கு எதிராகப் பஸ்பி கிட்டத்தட்ட முழு அணியையும் ஓய்வில் வைத்துவிட்டு இரண்டாம் வரிசை இளைஞர்களை இறக்கினார். அவர்களும் 2-0 என்று வென்றார்கள். மாட்ரிட் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. முதல் ஆட்டத்தில் 1-3 என்று தோற்றிருந்ததால் இறுதிக்குப் போகமுடியவில்லை. சுழற்சி முறையில் ஆட்டக்காரர்களை இறக்குவது என்று இன்று எல்லா மேலாளர்களும் செய்வதை, ஒரு விடுமுறைத் திங்கள் பஸ்பியைச் செய்ய வைத்தது.

அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் அன்று, புதன்கிழமை, லூட்டன் டவுன் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. டங்கன் எட்வர்ட்ஸ், டாமி டெய்லர், பாபி சார்ல்டன் ஆளுக்கொரு கோல் அடிக்க யுனைடெட் 3-0 என்று வென்றது. மறுநாள் லூட்டனில் 2-2. ஓல்டு டிராஃபோர்டு அதன் பிறகு கிறிஸ்துமஸ் நாளில் ஒரு லீக் ஆட்டத்தையும் காணவில்லை. அன்று அது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறு வாரம் கழித்து, 1958 பிப்ரவரி 6 அன்று, மியூனிக் விமான நிலையத்தில் விபத்து நடந்தது. எட்டு ஆட்டக்காரர்கள் இறந்தனர். டெய்லரும் வேலனும் அவர்களில் அடங்குவர். அந்த எட்டுப் பேரில் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் போராடி இறந்தார். 1931 டிசம்பரில் கிப்சனின் கதவைத் தட்டிய வால்டர் கிரிக்மரும் அந்த விமானத்தில் இருந்தார், அவரும் திரும்பவில்லை.

கிறிஸ்துமஸ் நாள் ஆட்டங்கள் ஓய்ந்ததற்கு மியூனிக் காரணமன்று. காரணங்கள் மிகச் சாதாரணமானவை. 1957 மார்ச்சில் ஓல்டு டிராஃபோர்டில் மின்விளக்குக் கம்பங்கள் எரியத் தொடங்கின. எந்த வார நாளின் இரவிலும் வேலை முடிந்து வரும் கூட்டத்துக்காக ஆட்டம் நடத்தலாம் என்றான பிறகு, பகல் விடுமுறையின் அருமை குறைந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஓடிய ரயில்களும் பேருந்துகளும் ஒவ்வொன்றாக நின்றன. ஓட்டுநருக்கும் குடும்பம் உண்டு. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி வந்து உட்கார்ந்தது. முதல் டிவிஷனின் கடைசி கிறிஸ்துமஸ் நாள் ஆட்டம் 1965இல் பிளாக்பூலுக்கும் பிளாக்பர்னுக்கும் இடையே நடந்தது. யாரும் தடை விதிக்கவில்லை. வழக்கம் தானாக அவிந்தது.

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த பையன்

எஞ்சியது பாக்சிங் டே. 1963இல் அந்த நாளில் முதல் டிவிஷனில் நடந்த பத்து ஆட்டங்களில் 66 கோல்கள் விழுந்தன: ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சை 10-1, பிளாக்பர்ன் வெஸ்ட் ஹாமை 8-2, லிவர்பூல் ஸ்டோக்கை 6-1. யுனைடெட்டுக்குக் கிடைத்தது பர்ன்லியில் 1-6. ஆண்டி லாக்ஹெட் மட்டும் நான்கு கோல் அடித்தார். இரண்டு நாளில் அதே பர்ன்லி ஓல்டு டிராஃபோர்டுக்கு வரவேண்டும். பழைய இரட்டை ஆட்ட முறையின் கடைசிக் காலம் அது.

செப்டம்பரில் ஒரே ஒரு முறை முதல் அணிக்கு ஆடிவிட்டு, கிறிஸ்துமஸுக்குத் தன் பெற்றோர் வீட்டுக்கு பெல்ஃபாஸ்ட் போயிருந்த பதினேழு வயதுப் பையனுக்குத் தந்தி போனது. ஆட்டம் முடிந்ததும் மீண்டும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவைப்பதானால் வருகிறேன் என்று பதில் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜார்ஜ் பெஸ்ட் வந்தார், கோல் அடித்தார், யுனைடெட் 5-1 என்று வென்றது. அதன் பிறகு அவருக்கு அணியில் இடம் கேள்வியாக இருக்கவில்லை. 1-6இலிருந்து 5-1க்கு ஓர் அணி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் போனது. ஆனால் வுல்வர்ஹாம்டன், கிரிம்ஸ்பி கணக்குகளைப் போல இதைக் களைப்பின் கைவேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

பெஸ்ட்டின் கதை விடுமுறையில் தொடங்கியதைப் போலவே விடுமுறையில் முடிந்தது. இங்கிலாந்தில் ஜனவரி முதல் நாள் வங்கி விடுமுறையானது 1974இல்தான். அந்த முதல் புத்தாண்டு விடுமுறையன்று யுனைடெட் லண்டனில் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 0-3 என்று தோற்றது. நிலக்கரித் தட்டுப்பாட்டால் தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே இயங்கவேண்டும் என்ற அரசு உத்தரவு நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. யுனைடெட் சட்டையில் பெஸ்ட் ஆடிய கடைசி ஆட்டம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அந்தப் பருவத்தின் முடிவில் கழகம் மீண்டும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அட்டவணையால் போன பட்டம், அட்டவணையில் வந்த பட்டம்

மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் காலத்தில் விடுமுறை ஆட்டம் வேறு முகம் காட்டியது. 1991 பாக்சிங் டே அன்று ஓல்டமில் 6-3 என்று வென்ற யுனைடெட், ஆறு நாள் கழித்துப் புத்தாண்டு அன்று சொந்த மைதானத்தில் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 1-4 என்று வீழ்ந்தது. டென்னிஸ் பெய்லி மூன்று கோல் அடித்தார். உண்மையான அடி ஈஸ்டரில் விழுந்தது. பல கோப்பைகளில் ஆடித் தள்ளிப்போன லீக் ஆட்டங்களெல்லாம் ஏப்ரலில் குவிந்தன. 16ஆம் தேதி சவுத்தாம்டன், 18 லூட்டன், ஈஸ்டர் திங்களான 20 நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 22 வெஸ்ட் ஹாம், 26 லிவர்பூல். பதினொரு நாளில் ஐந்து ஆட்டம்: ஒரு வெற்றி, ஒரு சமநிலை, மூன்று தோல்வி. பட்டம் லீட்ஸுக்குப் போனது. ஃபெர்குசன் அட்டவணையைக் குறை கூறினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1957இல் பஸ்பிக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே நெருக்கடிதான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்த பருவத்தில் இரு விடுமுறை ஆட்டங்கள், எதிரே ஒரே அணி: ஷெஃபீல்டு வெட்னஸ்டே. 1992 பாக்சிங் டே அன்று அவர்கள் மைதானத்தில் 0-3 என்று பின்தங்கிய யுனைடெட், பிரையன் மெக்ளேரின் இரண்டு கோல்களாலும், ஒரு மாதம் முன்புதான் சேர்ந்திருந்த எரிக் கான்டோனாவின் ஒரு கோலாலும் 3-3 என்று மீண்டது. ஈஸ்டர் சனிக்கிழமை, 1993 ஏப்ரல் 10 அன்று ஓல்டு டிராஃபோர்டில் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது, நடுவர் காயமடைந்து மாற்றப்பட்டதால் நீண்டுபோன கூடுதல் நேரம் கைகொடுத்தது. ஸ்டீவ் புரூஸ் 86ஆம் நிமிடத்திலும் 96ஆம் நிமிடத்திலும் தலையால் முட்டி இரண்டு கோல் அடித்தார். இருபத்தாறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லீக் பட்டம் வந்தது அந்தப் பருவத்தில்தான். பழைய கிறிஸ்துமஸ்–பாக்சிங் டே இரட்டையை அட்டவணை போடுபவர்கள் கைவிட்டு வெகுகாலமான பின்னும், எதேச்சையாக அது ஒருமுறை திரும்பி வந்தது போலிருந்தது.

அதற்குப் பிறகான பாக்சிங் டேக்களை விரைவாகக் கடந்துவிடலாம்; ஓரிரண்டு போதும். 2012இல் நியூகாஸ்டலுக்கு எதிராக மூன்று முறை பின்தங்கி, 90ஆம் நிமிடத்தில் ஹெர்னாண்டஸ் அடித்த கோலால் 4-3. 2016இல் சண்டர்லாண்டுக்கு எதிராக ம்கித்தாரியன் தேளின் கொடுக்கைப் போலக் குதிகாலைப் பின்னால் தூக்கி அடித்த கோல்.

யாருடைய விடுமுறை

2025 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. பிரீமியர் லீகில் அன்று நடந்தது ஒரே ஒரு ஆட்டம். ஐரோப்பியப் போட்டிகள் விரிவடைந்து வார நடுநாட்களையும் வார இறுதிகளையும் விழுங்கியதால், மற்ற ஆட்டங்கள் சனி, ஞாயிறுக்குத் தள்ளப்பட்டன. அந்த ஒற்றை ஆட்டம் ஓல்டு டிராஃபோர்டில், நியூகாஸ்டலுக்கு எதிராக, இரவு எட்டு மணிக்கு; யுனைடெட் 1-0 என்று வென்றது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்தவர்களுக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. பழைய பாக்சிங் டேயின் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு எட்டரைக்குச் சாப்பாட்டு வேளையில் வந்துகொண்டிருந்தது.

அந்த ஏற்பாட்டைப் பற்றி எழுந்த புலம்பலில் பெரும்பகுதி மரபு போய்விட்டது என்பதாக இருந்தது. என் பார்வையில் மரபு என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. பாக்சிங் டே ஆட்டம் எப்போதும், அந்த நாளில் யாருடைய கையில் ஓய்வும் காசும் இருந்தனவோ அவர்களுக்காகவே நடந்தது. 1920இல் அவர்கள் மான்செஸ்டரின் தொழிலாளர்கள்; காசு மைதானத்தின் சுழல்கதவு வழியாக வந்தது. இன்று அவர்கள் பல நாடுகளில் திரைமுன் அமர்ந்திருப்பவர்கள். காசு ஒளிபரப்பு உரிமம் வழியாக வருகிறது. ஒரு மாலையில் ஒரே ஆட்டம், அதுவும் மிக அதிகம் பேர் பார்க்கும் கழகத்தின் ஆட்டம் என்பது அந்தப் பழைய தர்க்கத்தின் தொடர்ச்சிதான். 2026இல் டிசம்பர் 26 சனிக்கிழமையாக விழுவதால் அன்று கூடுதல் ஆட்டங்கள் இருக்கும் என்று லீக் முன்கூட்டியே அறிவித்திருக்கிறது.

மாறாமல் போனவர் ஒருவர் உண்டு என்றால், நியூகாஸ்டலிலிருந்து அன்றிரவு மான்செஸ்டருக்கு வந்த ரசிகர்தான். அவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. பாக்சிங் டே அன்று இங்கிலாந்தின் பெரும்பாலான தடங்களில் ரயில் ஓடுவதில்லை. வாடகைப் பேருந்திலோ காரிலோ மலைத்தொடரைக் கடந்து வந்து, பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, அதே சாலையில் நள்ளிரவில் திரும்பவேண்டும். ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய கழகத்தின் மைதானச் சுவரை ஒட்டி, கிப்சன் கேட்டுவாங்கிய ரயில் நிறுத்தத்தின் நடைமேடை இன்னும் இருக்கிறது. அங்கே இப்போது ஆட்டநாட்களிலும் ரயில் நிற்பதில்லை.